உம்மாவின் கையில் பிழை இல்லை

"மணிக்கூட்டுக்குச் சாவி கொடுத்தாச்சா?" என்று நம் வீடுகளில் கேட்பது வழக்கம். சற்று யோசித்துப் பாருங்கள் சகோதரிகளே, கைமணிக்கூட்டில் சாவி எங்கே இருக்கிறது? பக்கத்தில் மிளகளவில் ஒரு குமிழ்தான் இருக்கிறது. அதைத் திருகினால் உள்ளே இருக்கும் வில் முறுகுகிறது. சற்று வெளியே இழுத்துத் திருகினால் முட்கள் நகர்கின்றன. ஒரு காலத்தில் சட்டைப்பை மணிக்கூடுகளுக்கு உண்மையாகவே தனிச் சாவி இருந்தது. 1845ஆம் ஆண்டு அத்ரியன் பிலிப் என்பவர், குமிழைக் கொண்டே வில்லை முறுக்கவும் முள்ளைத் திருப்பவும் வழி கண்டு, பிரான்ஸில் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். நாளடைவில் சாவி மறைந்தது. சொல் மட்டும் நம் நாவில் தங்கிவிட்டது.

அந்தக் குமிழைத் திருத்துபவர்கள் 'கிரவுன்' என்பார்கள். குமிழோடு சேர்ந்து உள்ளே போகும் மெல்லிய கம்பியை 'ஸ்டெம்' என்பார்கள். நாம் குமிழ் என்றும் தண்டு என்றும் சொல்லிக்கொள்வோம். மணிக்கூட்டில் மனிதனின் கை தினமும் படும் இடம் இது ஒன்றுதான். ஆகவே இதில் ஒருவர் அரைகுறையாக வேலை செய்தால், பழி எப்போதும் பாவிக்கிறவரின் கை மீதே விழுகிறது. "பலமா இழுத்திருப்பீங்க", "புள்ளைகள் திருகியிருக்கும்" என்ற வார்த்தைகளை எத்தனையோ கடை வாசலில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். எங்கள் வீட்டில் அந்தப் பழி எங்கள் உம்மாவின் கை மீது விழுந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மருதமுனை. நெசவுக்குப் பேர் போன ஊர். உம்மா சிறு வயதிலிருந்தே தறியில் இருந்தவர். சாரன், சேலை என்று அவர் கையால் நெய்தவற்றுக்குக் கணக்கில்லை. இழை அறுந்தால் கண் பார்க்குமுன் விரல் அறிந்துவிடும் என்பார். வாப்பா ஆசிரியர். 1971ஆம் ஆண்டு ஒரு சுவிஸ் மணிக்கூடு வாங்கினார். 17 கல் வைத்தது, தினமும் சாவி கொடுக்க வேண்டிய பழைய வகை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தபோது வாப்பா வயற்பக்கம் போயிருந்தார். வீட்டிலிருந்த நாங்கள் அல்லாஹ்வின் உதவியால் உயிர் தப்பினோம். வீடு, தறி, கலியாணப் படம், பத்திரம் எல்லாம் போயின. வாப்பாவின் கையில் கிடந்த மணிக்கூடு மட்டும் மிஞ்சியது.

2011ஆம் ஆண்டு வாப்பா வபாத்தானார். அதன் பிறகு உம்மா அந்த மணிக்கூட்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். சுபஹ் தொழுது, ஓதவேண்டியதை ஓதி முடித்து, முஸல்லாவில் இருந்தபடியே அதற்குச் சாவி கொடுப்பார். முப்பது முறை திருகுவார், ஒன்று கூடவோ குறையவோ மாட்டார். இதில் வேறு நம்பிக்கை எதுவும் இல்லை. வாப்பாவின் நினைவும் அன்றைய நாளின் தொடக்கமும் அதில் இருந்தன, அவ்வளவுதான்.

ஐம்பது வருடம் விரல் பட்டால் இரும்பும் தேயும். குமிழின் ஓரத்தில் இருந்த சின்னச் சின்ன வரிகள் மழுங்கி, திருகும்போது வழுக்கத் தொடங்கியது. 2022ஆம் ஆண்டு என் தம்பி அதை ஒரு நகரத்துக் கடையில் கொடுத்து, குமிழை மாற்றி, உள்ளே துப்புரவு செய்து எண்ணெயும் போடச் சொன்னான். கடையின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. ஒருவரைச் சந்தியில் நிறுத்துவது என் நோக்கமல்ல. மூன்றே நாளில் மணிக்கூடு வந்தது. கண்ணாடியைப் பளபளவென்று துடைத்திருந்தார்கள். குமிழும் தங்க நிறத்தில் மின்னியது.

முதல் நாளே உம்மாவுக்கு அதைத் திருகுவது கஷ்டமாக இருந்தது. நகத்தால் கிள்ளித் திருகினார். இரண்டாவது வாரம் நேரம் சரிபார்க்க இழுத்தபோது குமிழும் தண்டும் அப்படியே கையோடு வந்துவிட்டன. தம்பி கடைக்குக் கொண்டுபோனான். "வயசான ஆக்களுக்கு இழுக்கிற பக்குவம் தெரியாது, பலமா இழுத்துப்போட்டாங்க" என்றார்களாம். அங்கேயே எதையோ பூசி, செருகிக் கொடுத்தார்கள். இம்முறை குமிழ் கழன்று வரவில்லை. ஆனால் திருகவும் முடியவில்லை. பத்துச் சுற்றுப் போகுமுன் உள்ளே 'கர்' என்று வழுகும்.

சகோதரிகளே, மணிக்கூடு நின்றது எனக்குப் பெரிதாகப் படவில்லை. உம்மா சொன்ன வார்த்தைதான் நெஞ்சைச் சுட்டது. "என்ட கை போயிற்று மகள். இனி எனக்கு ஒண்டும் ஏலா." அன்றிலிருந்து அவர் ஊசியில் நூல் கோர்ப்பதை விட்டார். தேங்காய் துருவப் போனவர் "நீயே செய் மகள்" என்று எழுந்து வந்தார். தேநீர்க் கோப்பையைக்கூட இரண்டு கையாலும் பிடிக்கத் தொடங்கினார். எழுபத்தைந்து வயதில் ஒருவருக்குத் தன் கை மீது இருக்கும் நம்பிக்கை போய்விட்டால், அதை மீட்டுக் கொடுப்பது இலேசான காரியமா?

எனக்கு அந்தக் கடைக்காரர் சொன்னது சரியாகப் படவில்லை. ஊசிக் கண்ணில் நூல் கோர்த்த கை, ஒரு கிழமையில் எப்படிப் பழுதாகும்? நானே திருகிப் பார்த்தேன், எனக்கும் வழுகியது. என் மகளிடம் கொடுத்தேன். இருபது வயதுப் பிள்ளையின் விரலும் அதில் நிற்கவில்லை. "உம்மா, இது உங்கட கையில உள்ள பிழை இல்ல, வேலையில உள்ள பிழை" என்றேன். உம்மா நம்பவில்லை. என்னை ஆறுதல் படுத்தச் சொல்கிறாய் என்றார்.

கல்முனையில் ஒரு தமிழ்ப் பெரியவர் நெடுங்காலமாக மணிக்கூடு திருத்துகிறார் என்று கேள்விப்பட்டு, உம்மாவையும் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். ஒரு கண்ணாடிப் பெட்டியும் ஒரு மேசை விளக்கும்தான் அவருடைய கடை. கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதலில் எதையும் திறக்காமல் குமிழைத் திருகிப் பார்த்தார். பிறகு பின்மூடியைத் திறந்து நீண்ட நேரம் பார்த்தார்.

"இதைத் திருகினது ஆர்?" என்று கேட்டார்.

"எங்கட உம்மாதான் ஐயா. தினமும் அவதான் சாவி கொடுப்பா."

அவர் உம்மாவைப் பார்த்து, "அம்மா, இவ்வளவு நாளும் இதைத் திருகினீங்களே, அதுவே பெரிய காரியம். என்ட கையாலயும் இதைத் திருக ஏலாது" என்றார்.

உம்மா பதில் சொல்லவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தன் விரல்களைப் பார்த்தபடி இருந்தார்.

அந்தப் பெரியவர் எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். அதை நீங்களும் தெரிந்துகொள்வது நல்லது.

முதலாவது, குமிழின் அளவு. பழைய குமிழை விட ஒரு மில்லிமீற்றருக்கும் மேலாகச் சிறியதைப் போட்டிருந்தார்கள். மணிக்கூட்டின் உடலோடு அது ஒட்டிக்கொண்டதால் விரலுக்குப் பிடி கிடைக்கவில்லை. ஒரு மில்லிமீற்றர் என்ன பெரிது என்று நினைப்போம். பிடிக்க இருப்பதே நாலைந்து மில்லிமீற்றர்தானே!

இரண்டாவது, தண்டின் நீளம். புதிய தண்டு நீளமாகவே வரும். அந்தந்த மணிக்கூட்டுக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, அராவி, அளவு பார்க்க வேண்டும். நீளம் கூடினால் குமிழ் உடலில் படியாமல் எட்ட நிற்கும், அந்த இடைவெளியால் தூசியும் ஈரமும் போகும். நீளம் குறைந்தால் தண்டு தன் இடத்தைச் சேருமுன்னே குமிழ் உடலில் முட்டிவிடும். அப்போது உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று முழுதாகக் கவ்வாது. உம்மா கேட்ட 'கர்' என்ற சத்தம் அதுதான். ஒவ்வொரு முறையும் பற்கள் தேய்ந்துகொண்டிருந்தன.

மூன்றாவது, தண்டைப் பிடித்து வைத்திருக்கும் நெம்பின் திருகாணி. தண்டைக் கழற்றும்போது அதைத் தளர்த்தி, மாட்டியதும் இறுக்க வேண்டும். இறுக்காமல் விட்டதால்தான் இழுத்ததும் கையோடு வந்தது. அப்படி வருவதற்குப் பலம் தேவையில்லை. ஒரு குழந்தை இழுத்தாலும் வரும்.

நான்காவது, பசை. திருகாணியை இறுக்க வேண்டிய இடத்தில் கடையில் விற்கும் ஒட்டுப் பசையைப் பூசியிருந்தார்கள். அது வழிந்து, குமிழ் போய்ச் சேரும் குழாயில் உறைந்துவிட்டது. துப்புரவு செய்ததாகக் காசு வாங்கியிருந்தார்கள். உள்ளே பழைய எண்ணெய் காய்ந்து கறுத்தபடியே இருந்தது.

பெரியவர் பத்து நாள் கேட்டார். எவ்வளவு முடியும் என்பதை முன்கூட்டியே சொன்னார். பற்றுச்சீட்டில் செய்யப்போகும் வேலையை ஒவ்வொன்றாக எழுதினார். பத்தாம் நாள் போனபோது, கழற்றிய பழைய சாமான்களை ஒரு கடதாசியில் மடித்துத் தந்தார். பிறகு மணிக்கூட்டை என்னிடம் தரவில்லை, உம்மாவின் கையில் கொடுத்து, "திருகிப் பாருங்கம்மா" என்றார். உம்மா பிஸ்மி சொல்லித் திருகினார். முப்பது எண்ணும்வரை நாங்கள் மூவரும் பேசவில்லை. அன்று வீட்டுக்கு வந்தவர் கேட்காமலே தேங்காய் துருவ உட்கார்ந்தார். அல்ஹம்துலில்லாஹ்.

சகோதரிகளே, தறியில் பிழை விட்டால் சேலையில் தெரியும். கறியில் பிழை விட்டால் நாக்கில் தெரியும். மூடியை இறுக்கிவிட்டால் மணிக்கூட்டின் உள்ளே செய்த வேலை யாருக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் செய்யும் வேலைதான் அமானிதத்தின் உண்மையான சோதனை. ஒருவர் ஒரு வேலையைச் செய்தால் அதைச் செம்மையாகச் செய்வதை அல்லாஹ் விரும்புகிறான் என்ற கருத்தில் பைஹகீயில் ஒரு நபிமொழி பதிவாகியிருக்கிறது. அளவு நிறுவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்க 'முதஃப்பிபீன்' என்று ஒரு சூராவே இருக்கிறது. அளவு என்பது தராசில் மட்டுமா? தண்டை வெட்டும் அரத்திலும் அளவு இருக்கிறதல்லவா?

நேரத்தைச் சரியாகக் காட்டும் கருவியில் கவனம் வைப்பது நம் முன்னோரின் பழக்கம். அல் ஜஸரீ 1206ஆம் ஆண்டளவில் முடித்த தம் நூலில், தண்ணீரால் ஓடும் யானை மணிக்கூடு போன்றவற்றின் ஒவ்வோர் உறுப்பையும் எப்படிச் செய்வது என்று படத்தோடு விளக்கினார். 14ஆம் நூற்றாண்டில் டமஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலில் இப்னு ஷாதிர் என்ற வானியல் அறிஞர் தொழுகை நேரம் கணிப்பவராக, 'முவக்கித்' ஆக இருந்தார். மக்களின் வணக்கம் தம் கணக்கில் தங்கியிருக்கிறது என்பதை உணர்ந்து வேலை செய்தவர்கள் அவர்கள்.

திருத்தக் கொடுத்த பொருள் கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்பதும் நம் பிக்ஹ் நூல்கள் விரிவாகப் பேசிய விடயம். அலீ (ரலி) அவர்கள் கைவினைஞர்களைப் பொறுப்பாக்கினார்கள் என்று அறிவிக்கப்படுகிறது. எந்த அளவுக்குப் பொறுப்பு என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் கவனக்குறைவால் கெடுத்தவர் ஈடு செய்ய வேண்டும் என்பதில் வேறுபாடில்லை. ஆகவே நியாயம் கேட்பதை வெட்கமென்று நினைக்க வேண்டாம். தம்பி இரண்டு பற்றுச்சீட்டையும் கழற்றிய சாமான்களையும் அந்த நகரத்துக் கடைக்குக் கொண்டுபோய், சண்டையில்லாமல் காட்டினான். முதலாளி பார்த்துவிட்டு வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தார். அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். உம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அப்படி இணங்காதவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி முறையிட 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும். பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் எங்கும் பேசுவது கடினம்.

இனி, உங்கள் வீட்டில் ஒரு மணிக்கூட்டைத் திருத்தக் கொடுப்பதானால் இவற்றை மனதில் வையுங்கள்.

கொடுக்கும்போது, என்ன குறை என்பதை எழுதிக் கொடுங்கள். கழற்றும் பழைய சாமானைத் திருப்பித் தரவேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். கூலி, திகதி, செய்யும் வேலை மூன்றும் பற்றுச்சீட்டில் இருக்கட்டும். பாவிப்பவர் வயதானவர் என்றால், விரலுக்குப் பிடி கிடைக்கும் அளவில் குமிழ் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

வாங்கும்போது, கடையில் வைத்தே பாருங்கள். குமிழ் உடலோடு எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் படிந்திருக்கிறதா? ஆட்டினால் ஆடுகிறதா? பத்துச் சுற்றுத் திருகினால் ஒரே மாதிரியான மெல்லிய சத்தம் வர வேண்டும், வழுகக் கூடாது. இழுத்தால் 'டிக்' என்று ஒரு படியில் நிற்க வேண்டும். அந்த நிலையில் முட்கள் இரு பக்கமும் தடையின்றி நகர வேண்டும். திரும்ப அமுக்கினால் தன் இடத்தில் போய் உட்கார வேண்டும். இதற்கு இரண்டு நிமிடம் போதும். யார் பாவிக்கிறாரோ, அவரே திருகிப் பார்ப்பது எல்லாவற்றிலும் சிறந்தது.

பாவிக்கும்போது, கையில் கட்டியபடி சாவி கொடுக்காமல் கழற்றி வைத்துக் கொடுங்கள். கையில் இருக்கும்போது தண்டு ஒரு பக்கமாக வளையும். தினமும் ஒரே நேரத்தில் கொடுங்கள். இறுகி நின்றதும் விட்டுவிடுங்கள். திகதி காட்டும் மணிக்கூடானால், இரவு ஒன்பது மணிக்கும் அதிகாலை மூன்று மணிக்கும் இடையில் குமிழால் திகதியை மாற்ற வேண்டாம். அந்த நேரத்தில் திகதிச் சக்கரம் தானே நகரத் தொடங்கியிருக்கும், பல் உடையலாம்.

வுழூச் செய்யும்போது மணிக்கூட்டைக் கழற்றி வைப்பது இரு வகையில் நல்லது. பட்டியின் கீழே தோலுக்குத் தண்ணீர் சேரும், மணிக்கூட்டுக்கு உள்ளே தண்ணீர் சேராது. குமிழ்தான் தண்ணீர் புகும் முதல் வாசல். அதற்குள்ளே இருக்கும் றப்பர் வளையம் காலப்போக்கில் காய்ந்து வெடித்துவிடும். 'தண்ணீர் புகாது' என்று பொறித்திருந்தாலும், அது புதிதாக இருந்தபோது செய்த சோதனையைத்தான் சொல்கிறது. திருகி மூடும் வகைக் குமிழ் கொண்ட ஒரு மணிக்கூட்டை 1926ஆம் ஆண்டு ரோலெக்ஸ் அறிமுகப்படுத்தியது. அடுத்த ஆண்டே மெர்சிடீஸ் கிளைட்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் அதை அணிந்து கடலில் பல மணி நேரம் நீந்தினார், மணிக்கூடு நிற்கவில்லை. ஆனால் அவ்வகைக் குமிழையும் கோணலாகத் திருகினால் புரி கெட்டுவிடும். முதலில் சற்றுப் பின்பக்கம் திருப்பி, புரி சேர்ந்த பின் மெதுவாக முன்பக்கம் திருகுங்கள்.

குமிழ் கையோடு வந்துவிட்டால், திரும்பக் குத்திச் செருகாதீர்கள், பசை வைக்காதீர்கள். குமிழையும் தண்டையும் ஒரு சிறு உறையில் போட்டு, மணிக்கூட்டைத் துணியில் சுற்றி, தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

கடைசியாக ஒன்று. வீட்டில் வயது போன ஒருவர், "என்னால் ஏலாது" என்று ஒரு வேலையைக் கைவிட்டால், உடனே வயது என்று முடிவு செய்துவிட வேண்டாம். அவர் பிடிக்கும் பொருளை நீங்களும் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். போத்தல் மூடியாக இருக்கலாம், கதவுத் தாழ்ப்பாளாக இருக்கலாம், மருந்துப் பெட்டியாக இருக்கலாம். பிழை அந்தப் பொருளில் இருந்தால், அதை அவர் காதில் விழும்படி சொல்லுங்கள். முடிந்தால் வேலை தெரிந்த ஒருவரின் வாயால் சொல்லவையுங்கள். நம் உம்மாமாரின் கைகளுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளையும் பலத்தையும் தருவானாக. ஆமீன்.